மனுவா, பிராதா?

போன வாரம் ஜூனியர் ஒருவர் பிராது (புது வழக்கைத் தொடங்கும் ஆவணம்) வரைவோடு வந்தார். முதல் பத்தியிலேயே எனக்கு வயிற்றைக் கலக்கியது. மனு போட வேண்டிய இடத்தில் பிராது. 20 வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே காரியம்!

விலாசப் பிழை, பக்க எண் விடுபடுவது, கட்டணம் குறைவது எல்லாவற்றையும் கோர்ட் அலுவலரான சிரஸ்தாரே பார்த்துத் திருப்பிவிடுவார். மறுநாள் சரிசெய்து போட்டால் ஆயிற்று. நம்பர் ஆகி, அதாவது வழக்காகப் பதிவாகி, உள்ளே உட்கார்ந்துகொண்டு வருடக்கணக்கை விழுங்கும் பிழைகள் வேறு.

ராஜி டிக்ரியை எதிர்த்துப் புது வழக்கு

என் கட்சிக்காரர் ஓர் அம்மா. தம்பிகளோடு பாகப்பிரிவினை வழக்கு, ராஜியில் (சமரசத்தில்) முடிந்து டிக்ரியும் (தீர்ப்பாணை) ஆகிவிட்டது. "என்ன எழுதியிருக்குன்னே சொல்லாம கையெழுத்து வாங்கிட்டாங்க சார்" என்று அழுதார். மோசடி என்றால் டிக்ரியை ரத்து செய்யக் கேட்டுப் பிராது போடவேண்டியதுதானே? எந்தத் தேதியில், யார், என்ன சொல்லி ஏமாற்றினார் என்று பத்தி பத்தியாக எழுதினேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நம்பரும் ஆனது.

எதிர்த்தரப்பு வக்கீல் எதிருரைகூடப் போடவில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 7-ஆம் கட்டளை 11-ஆம் விதியில், பிராதை நிராகரிக்கக் கேட்டு இரண்டு பக்க மனு, அவ்வளவுதான். சமரசம் சட்டப்படியானதல்ல என்று சொல்லி டிக்ரியை ரத்து செய்ய வழக்கே போட முடியாது என்கிறது 23-ஆம் கட்டளை 3ஏ விதி. 1976 திருத்தத்தில் வந்தது அது. என் பிராது நிராகரிக்கப்பட்டபோது ஒன்றரை வருடம் ஓடியிருந்தது.

போட்டிருக்க வேண்டியது, டிக்ரி கொடுத்த அதே கோர்ட்டில், அதே ஓ.எஸ். (அசல் வழக்கு) நம்பரில் ஒரு மனு. ஒப்பந்தச் சட்டப்படி செல்லாததும் ரத்தாகத்தக்கதும் சட்டப்படியான சமரசம் ஆகாது என்று 3-ஆம் விதியின் விளக்கமே சொல்கிறது. மோசடியும் அதற்குள் அடங்கும். ஒரு பக்கம் முன்னால் புரட்டியிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். இன்றைக்கும் எரிச்சல் அதில்தான். அப்புறம் மனு போட்டு, தாமதத்துக்கு, தவறான இடத்தில் செலவான காலத்தைக் கழிக்கும் காலவரையறைச் சட்டம் 14-ஆவது பிரிவைப் பிடித்துக்கொண்டு நான் கெஞ்சியது தனிக்கதை.

2006-இல் புஷ்பா தேவி பகத் வழக்கில் உச்ச நீதிமன்றம், புது வழக்கு கூடாது, அதே கோர்ட்டில் மனுதான் என்று தெளிவாகவே சொல்லிவிட்டது. 2020-இல் திரிலோகி நாத் சிங் வழக்கில், அசல் வழக்கில் தரப்பினராக இல்லாதவருக்கும் இந்தத் தடை உண்டு என்றது. இவ்வளவுக்குப் பிறகும் மேஜைக்கு அதே பிராது வருகிறது. "மூன்றாம் நபர் பெயரில் போடலாமா சார்?" என்று வேறு கேட்கிறார்கள்.

வாரிசுரிமைச் சான்று ஓ.பி.யில் வீட்டைச் சேர்ப்பது

இந்திய வாரிசுரிமைச் சட்டம் 372-ஆவது பிரிவில் போடும் மனு (ஓ.பி.), இறந்தவருக்கு வரவேண்டிய கடன்களுக்கும் பங்கு, பத்திரம் போன்றவற்றுக்கும்தான். வங்கி டெபாசிட் வரும், வீடு வராது. வீட்டில் பங்கு வேண்டுமென்றால் பாகப்பிரிவினைப் பிராது போடுங்கள். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் வேறு சங்கதி. கட்சிக்காரர் அதைக் கொண்டுவந்து நீட்டினால் குழம்பாதீர்கள்.

டிக்ரி கையில் இருக்க இன்னொரு ஓ.எஸ்.

உரிமையியல் நடைமுறைச் சட்டம் 47-ஆவது பிரிவைப் படியுங்கள். டிக்ரியை நிறைவேற்றக் கேட்கும் ஈ.பி. மனு போடுங்கள்.

அரசு மீது நேராகப் பிராது

அதே சட்டத்தின் 80-ஆவது பிரிவில் முதலில் அறிவிப்பு கொடுத்து, இரண்டு மாதம் காத்திருங்கள். அவசரமென்றால் முதலில் கோர்ட் அனுமதி.