நெட்டில் இணைந்த காரைப் பாதுகாப்பது எப்படி? முதலில் பழைய ஓனரை வெளியே அனுப்புங்கள்

கோலாலம்பூரில் இப்போது விற்கும் புதுக் கார்கள் பலவற்றுக்குள் ஒரு சிம் இருக்கிறது. கைப்பேசி ஆப்பிலேயே கதவைத் திறக்கலாம், ஏசி போடலாம், கார் எங்கே நிற்கிறது என்றும் பார்க்கலாம். உங்கள் கணக்கு கையில் கிடைத்தால் வேறொருவரும் இதையெல்லாம் செய்யலாம்.

2015இல் சார்லி மில்லர், கிறிஸ் வலாசெக் என்ற இரு ஆய்வாளர்கள், நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கியின் வேகத்தை வீட்டில் இருந்தபடியே அடக்கிக் காட்டினார்கள். அதன்பின் சுமார் 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அதற்கெல்லாம் நீண்ட கால உழைப்பு வேண்டும். நம் தாமானில் (குடியிருப்பில்) கார் திருட வருகிறவனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அவன் சுலபமான வழியைத்தான் தேடுவான், அதனால் நாமும் அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: கணக்கு

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்கள் இதை நிதானமாகப் படியுங்கள். ஜேபிஜே என்ற சாலைப் போக்குவரத்துத் துறையில் கிராண்ட், அதாவது காரின் உரிமைப் பத்திரம், உங்கள் பெயருக்கு மாறிவிட்டது, புஸ்பாகோம் வாகனச் சோதனையும் முடிந்தது. ஆனால் ஆப்பில் பழைய ஓனரின் கணக்கு அப்படியே இருக்கலாம். நீங்கள் பிரிக்பீல்ட்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கார் எங்கே நிற்கிறது என்று அவர் பார்க்க முடியும். அவர் நல்லவராகவே இருக்கட்டும், அவருடைய கடவுச்சொல் எப்படிப்பட்டதோ!

காரின் திரையில் செட்டிங்ஸுக்குப் போய் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். புளூடூத் பட்டியல், சேமித்த வீட்டு முகவரி எல்லாம் அழிந்ததா என்று பாருங்கள். இதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். கணக்கு இருப்பது நிறுவனத்தின் சர்வரில். திரையில் அழித்தால் அங்கேயும் அழியும் என்று சொல்ல முடியாது. கிராண்ட் நகலோடு சர்வீஸ் சென்டருக்குப் போய், "பழைய ஓனர் கணக்கை எடுத்துவிடுங்கள்" என்று நேரடியாகக் கேளுங்கள்.

அப்புறம் உங்கள் கணக்கைத் திறந்து, வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல் வையுங்கள். ஓடிபி வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பும் ஏபிகே ஃபைலிலிருந்து (ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் ஃபைல்) கார் ஆப்பை இறக்கவே கூடாது.

உங்கள் காரை விற்கும்போதும் இதே வேலைதான்.

படி 2: சாவி

சாவியைச் செருகாமலே திறக்கும் கீலெஸ் காரைத் திருட வந்தால், ஒருவன் உங்கள் வீட்டு வாசலில் ஒரு கருவியோடு நிற்பான், இன்னொருவன் காரருகே நிற்பான். சாவியின் சிக்னலைப் பிடித்துக் கடத்தினால், சாவி பக்கத்தில் இருப்பதாகக் கார் நம்பிவிடும். சிக்னலைத் தடுக்கும் பாரடே பை ஒன்று வாங்கிச் சாவியை அதில் வையுங்கள். வாங்கிய அன்றே சோதியுங்கள்: சாவியைப் பைக்குள் போட்டு, பையோடு காரருகே நின்று கதவைத் தொடுங்கள். திறந்தால் அந்தப் பை உதவாது. ஸ்பேர் சாவிக்கும் ஒன்று வேண்டும். பழைய பாணி ஸ்டீயரிங் லாக்கைக் கிண்டல் செய்கிறவர்கள் உண்டு, எனக்கு அதன்மேல் நிறைய மதிப்பு.

படி 3: அப்டேட்

காரின் மென்பொருளுக்கு அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். கொண்டோ பேஸ்மென்டில் லைன் கிடைக்காது, திறந்த இடத்தில் நிறுத்திச் செய்யுங்கள். அப்டேட் என்று சொல்லி யாரோ தரும் யுஎஸ்பியைச் செருக வேண்டாம்.

படி 4: ஸ்டீயரிங்குக்குக் கீழே

அங்கே ஓபிடி போர்ட் இருக்கும், மெக்கானிக் கோளாறு பார்க்கக் கருவியைச் செருகும் இடம். காரின் விவரங்களைக் கைப்பேசிக்கு அனுப்பும் மலிவான புளூடூத் டாங்கிளை (சிறு கருவி) அதில் செருகி மறந்துவிடுகிறவர்கள் ஏராளம். காருக்குள் பாகங்கள் பேசிக்கொள்ளும் கேன் இணைப்பை 1980களில் பாஷ் நிறுவனம் உருவாக்கியபோது, செய்தி யாரிடமிருந்து வருகிறது என்று சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. அதனால் டாங்கிள் வழியாக நுழைகிறவன் அனுப்பும் செய்தியையும் கார் நம்பிவிடலாம். வேலை முடிந்ததும் டாங்கிளைக் கழற்றிவிடுங்கள்.

நம் கையில் இல்லாதவை

அமெரிக்காவில் ஓடும் கியா கார்களை நம்பர் பிளேட்டை மட்டும் வைத்தே திறக்க வழி இருந்ததை 2024இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஓட்டை நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்தது, அவர்கள்தான் அடைத்தார்கள். ஆகவே புதுக் கார் பார்க்கும்போது, ஐநாவின் ஆர்155 சைபர் பாதுகாப்பு விதிப்படி சான்று பெற்ற மாடலா, எத்தனை ஆண்டு அப்டேட் வரும் என்று சேல்ஸ்மேனிடம் கேளுங்கள்.

நீங்கள் அறியாத கருவி ஏதாவது கணக்கில் இணைந்திருப்பதாக ஆப்பில் தெரிந்தால் எல்லாவற்றிலிருந்தும் லாக் அவுட் செய்து, கடவுச்சொல்லை மாற்றி, கார் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். இணையக் குற்றங்களுக்கான மலேசிய உதவி மையமான சைபர்999இலும் புகார் செய்யலாம். காரே காணாமல் போனால் முதலில் போலீஸ்.