டோக்கன் ரிங்கில் சோர்ஸ் ரவுட்டிங் டிரைவர்: எங்கெல்லாம் தவறு நடக்கிறது

ஒரே வளையத்தில் இருக்கிற சர்வர் உடனே கிடைத்துவிடுகிறது. இரண்டு வளையங்களை இணைக்கும் பிரிட்ஜுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சர்வரைத் தேடினால் மட்டும் ‘ஃபைல் சர்வர் கிடைக்கவில்லை’ என்று ஒற்றை வரி வந்து நிற்கிறது. கேபிளை மாற்றியாயிற்று, கார்டை மாற்றியாயிற்று, பிரிட்ஜை இரண்டு தடவை அணைத்துப் போட்டும் பார்த்தாயிற்று. கணினிகளை வளையமாக இணைக்கும் பழைய டோக்கன் ரிங் நெட்வொர்க்கை இன்னும் பராமரிப்பவர்களுக்கும், ஆசைக்காக அதை மறுபடி ஓட்டிப் பார்ப்பவர்களுக்கும் இது பழகிய காட்சிதான். வன்பொருளில் குறை இருக்காது. அந்தக் கணினியில் ஏற்ற மறந்த ஒரு சின்ன டிரைவர்தான் பெரும்பாலும் காரணம்.

ஈதர்நெட்டில் பழகிய மனசு இதைச் சட்டென்று ஏற்காது. ஈதர்நெட்டில் யார் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்பதை பிரிட்ஜ் தானாகவே கற்றுக்கொள்ளும். நடுவில் பிரிட்ஜ் இருப்பதே கணினிக்குத் தெரியாது. ஐபிஎம் டோக்கன் ரிங்கில் அதைத் தலைகீழாக வைத்தது. வழியைத் தேடுவது, நினைவில் வைப்பது, ஒவ்வொரு ஃப்ரேமிலும் (அனுப்பும் தரவுப் பொட்டலத்திலும்) எழுதி அனுப்புவது எல்லாமே அனுப்புகிற கணினியின் வேலை. இதற்குப் பெயர்தான் சோர்ஸ் ரவுட்டிங். ‘இந்த வளையத்திலிருந்து என் வழியாக அந்த வளையத்துக்கு’ என்று ஃப்ரேமில் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பிரிட்ஜ் பார்க்கும். எழுதியிருந்தால் கடத்தும், இல்லையென்றால் கண்டுகொள்ளாது. வழி எழுதாத ஃப்ரேமையும் கடத்துகிற எஸ்ஆர்டி வகை பிரிட்ஜ்கள் பிற்பாடு வந்தன. பழைய பிரிட்ஜிடம் அந்தத் தாராளத்தை எதிர்பார்க்க முடியாது.

அந்த வழி எழுதப்படும் இடத்தின் பெயர் ரவுட்டிங் இன்ஃபர்மேஷன் ஃபீல்ட், சுருக்கமாக ‘ரிஃப்’. அனுப்புநர் முகவரியின் முதல் பிட் 1 ஆக இருந்தால், முகவரியை அடுத்து ரிஃப் வருகிறது என்று பொருள். அதில் முதல் 2 பைட் கட்டுப்பாட்டுத் தகவல். அதன் பிறகு ஒவ்வொரு படிக்கும் 2 பைட்: 12 பிட்டில் வளைய எண், 4 பிட்டில் பிரிட்ஜ் எண். ஐபிஎம் முறையில் அதிகபட்சம் 8 படிகள், அதாவது நடுவில் 7 பிரிட்ஜ்கள். ரிஃப் மொத்தம் 18 பைட். எட்டாவது பிரிட்ஜைத் தாண்டி ஒரு சர்வர் இருந்தால், டிரைவரை எப்படி அமைத்தாலும் அது கிடைக்காது.

டிரைவரை ஏற்றுவதில்

நோவெலின் நெட்வேர் சர்வர்கள் ஓடிய நாட்களின் டாஸ் கணினியில் இந்த வேலையைச் செய்வது ரவுட்.காம் என்ற டிரைவர். ஏற்றும் வரிசை முக்கியம்: முதலில் இணைப்பு அடுக்கான எல்எஸ்எல், அடுத்து கார்டின் டிரைவர், அடுத்து ரவுட், அதன் மேல் நெட்வேரின் ஐபிஎக்ஸ் நெறிமுறைக்கான ஐபிஎக்ஸ்ஓடிஐ, கடைசியில் சர்வரோடு பேசும் நெட்எக்ஸ் அல்லது விஎல்எம். ரவுட் வரியை விட்டுவிட்டாலும், தொகுப்புக் கோப்பின் (பேட்ச் ஃபைல்) கடைசியில் போய் ஒட்டினாலும் விளைவு ஒன்றுதான். அருகில் எந்த சர்வர் இருக்கிறது என்று கேட்கும் முதல் ஒளிபரப்பே வழி எழுதப்படாமல் போகும், முதல் பிரிட்ஜிலேயே நின்றுவிடும்.

இதைவிட ஆளைக் குழப்புவது அடுத்த தவறு. கணினியில் ரவுட்டை ஏற்றிவிட்டு சர்வரில் மறந்துவிடுவார்கள். நெட்வேர் சர்வருக்கும் ரவுட்.என்எல்எம் என்று தனியாக உண்டு. அது இல்லாவிட்டால் கணினியின் கேள்வி பிரிட்ஜைத் தாண்டி சர்வர் வரைக்கும் ஒழுங்காகப் போய்ச் சேரும். சர்வர் அனுப்பும் பதில் மட்டும் ரிஃப் இல்லாமல் கிளம்பி, தன் வளையத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறைந்துபோகும். ஒரு பக்கத்தில் மட்டும் கண்காணிப்புக் கருவியைச் செருகிப் பார்த்தால் ‘ஃப்ரேம் போகிறதே, அப்புறம் என்ன?’ என்றுதான் தோன்றும். இதே குழப்பத்தில் ஒரு முழு நாளைத் தொலைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டு பக்கமும் பாருங்கள்.

சர்வரில் இன்னொரு பொறி இருக்கிறது. ஒரே கார்டில் டோக்கன்-ரிங், டோக்கன்-ரிங்_ஸ்னாப் என்று இரண்டு ஃப்ரேம் வகைகளை ஏற்றினால், நெட்வேர் அவற்றை இரண்டு தனித்தனி போர்டுகளாக எண்ணும். ரவுட்டை ஒரு முறை சும்மா ஏற்றினால் அது முதல் போர்டுக்கு மட்டும்தான். இரண்டாவது போர்டுக்கு எண்ணைக் குறிப்பிட்டு மறுபடியும் ஏற்ற வேண்டும். ஐபிஎக்ஸ் எல்லா வளையங்களிலும் நன்றாக ஓடி, ஸ்னாப் வகையில் ஓடும் டிசிபி/ஐபி மட்டும் பிரிட்ஜைத் தாண்டாவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

விண்டோஸ் 95-இல் ஐபிஎக்ஸ் நெறிமுறையின் மேம்பட்ட அமைப்புகளுக்குள் சோர்ஸ் ரவுட்டிங் என்று ஒரு வரி இருக்கும். வழிகளை நினைவில் வைக்கும் அட்டவணைக்குப் பெரும்பாலான இடங்களில் 16 பதிவுகள் போதும் என்பதே மைக்ரோசாஃப்ட்டின் பரிந்துரை. விண்டோஸ் என்டியில் இதற்கு ஐபிஎக்ஸ்ரவுட் கட்டளை உண்டு.

ரவுட்டர் வைத்திருப்பவர்களும் தப்பிப்பதில்லை. சிஸ்கோ ரவுட்டர் ஐபியையோ ஐபிஎக்ஸையோ ரவுட் செய்யும்போது, அந்த வளையத்தில் அதுவும் ஒரு சாதாரண முனைதான். பிரிட்ஜுக்கு அப்பால் இருக்கும் கணினியை அது எட்ட வேண்டுமானால் அதுவும் ரிஃப் எழுதியாக வேண்டும். அதற்கான கட்டளை மல்டிரிங். பிரிட்ஜ் கட்டளைகளையெல்லாம் கவனமாக எழுதிவிட்டு இந்த ஒரு வரியை விட்டவர்கள் ஏராளம்.

வளைய எண்கள்

கணினியில் எந்த வளைய எண்ணையும் நாம் எழுதுவதில்லை. எண்கள் எல்லாம் பிரிட்ஜில்தான் இருக்கின்றன. ஆனால் அவை தவறினால் கோளாறு கணினியில்தான் தெரியும், ஆகவே ஆட்கள் டிரைவரைப் போட்டுக் குடைந்துகொண்டிருப்பார்கள்.

ஒரு வளையத்தைத் தொடுகிற எல்லா பிரிட்ஜ்களும் அந்த வளையத்துக்கு ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். வழி தேடக் கிளம்பும் எக்ஸ்ப்ளோரர் ஃப்ரேமில் ஒவ்வொரு பிரிட்ஜும் தான் கடத்தும் வளையத்தின் எண்ணைச் சேர்த்துக்கொண்டே போகும். அடுத்த பிரிட்ஜ் அதை எடுத்ததும், கடைசியாக எழுதியிருக்கும் எண் தன் பக்கத்து வளையத்தின் எண்தானா என்று பார்க்கும். முந்தையது 5 என்று எழுதியிருக்க, இதன் கணக்கில் அதே வளையம் 6 என்றால், ஃப்ரேமைத் தூக்கிப் போட்டுவிடும். சத்தமே வராது. எந்தப் பிழைச் செய்தியும் கணினியை எட்டாது.

நேர்மாறான தவறு, இரண்டு வெவ்வேறு வளையங்களுக்கு ஒரே எண்ணைக் கொடுப்பது. அடுத்த வளையத்தின் எண் ரிஃபில் ஏற்கெனவே இருப்பதைப் பார்த்த பிரிட்ஜ், ஃப்ரேம் சுற்றிக்கொண்டு திரும்பி வந்துவிட்டது என்று முடிவுகட்டி நிறுத்திவிடும். அதன் தர்க்கம் சரிதான். நாம் வைத்த எண்தான் தப்பு.

பதினாறடி (ஹெக்ஸாடெசிமல்) எண்முறை தனித் தலைவலி. ஐபிஎம் பிரிட்ஜில் வளைய எண்களைப் பதினாறடி முறையில் எழுதுவார்கள்; சிஸ்கோவில் வழக்கமாகப் பத்தடி முறையில் எழுதுவார்கள். முதலாவதில் 010 என்று இருப்பதைப் பார்த்து இரண்டாவதில் 10 என்று அடித்தால், இரண்டும் ஒன்றல்ல. முதலாவது பதினாறு. இதில் வேடிக்கை என்னவென்றால், சிஸ்கோவும் ரிஃப் அட்டவணையைக் காட்டும்போது பதினாறடிக்குத் தாவிவிடும். எண்களைக் காகிதத்தில் குறித்து வைக்கும்போது எந்த முறை என்பதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

இரண்டு வளையங்களுக்கு நடுவே இணையாக இரண்டு பிரிட்ஜ்கள் இருந்தால், அவற்றின் பிரிட்ஜ் எண்கள் வேறு வேறாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஃப்ரேமை இரண்டுமே கடத்தும்.

எல்லா சுவிட்சையும் போட்டுவிடுவது

ரவுட் டிரைவருக்கு டெஃப், ஜிபிஆர், எம்பிஆர் என்று மூன்று சுவிட்சுகள் உண்டு. வழி தெரியாத முகவரிக்குப் போகும் ஃப்ரேம், பொது ஒளிபரப்பு, குழு ஒளிபரப்பு ஆகிய மூன்றையும் எப்படி அனுப்புவது என்பதை இவை தீர்மானிக்கின்றன. எதையும் போடாவிட்டால் ஃப்ரேம் ஒற்றை வழி ஒளிபரப்பாகப் போகும். ஒரு வளையத்துக்கு ஒரு நகல்தான். சுவிட்சைப் போட்டால் எல்லா வழிகளிலும் போகும்.

எல்லா வழிகளிலும் என்றால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வளையங்கள் ஒரு சங்கிலியாக இணைந்திருக்கின்றன, ஒவ்வொரு இணைப்பிலும் பாதுகாப்புக்காக இரண்டிரண்டு பிரிட்ஜ்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஃப்ரேம் அடுத்த வளையத்தில் 2 நகல், அதற்கடுத்ததில் 4, மூன்றாவது தாவலில் 8. ஏழாவது தாவலில் 128. இது ஒரே ஒரு கணினி கேட்ட ஒரே ஒரு கேள்விக்கு. காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கணினியைப் போட்டால் நெட்வொர்க் திணறுவதன் காரணம் இதுவாக இருக்கலாம்.

அப்படியானால் ஏன் இந்த சுவிட்சுகளைப் போடுகிறார்கள்? போட்டவுடன் வேலை செய்துவிடுகிறது, அதனால்தான். ஒற்றை வழி ஒளிபரப்பைக் கடத்தும் பொறுப்பு எந்தெந்த பிரிட்ஜுக்கு என்பதை, பிரிட்ஜ்கள் தமக்குள் பேசித் தீர்மானிக்கும்படி விடலாம், இல்லையென்றால் நாமே கையால் குறிக்கலாம். கையால் குறிக்கும் இடத்தில் ஒரு இணைப்பிலாவது யாருக்கும் பொறுப்பு கொடுக்காமல் விட்டிருந்தால், ஒற்றை வழி ஒளிபரப்பு அங்கே செத்துவிடும். டெஃப்பைப் போட்டதும் எல்லா வழி எக்ஸ்ப்ளோரர் அந்த பிரிட்ஜைத் தாண்டிவிடும், ‘சரி, தீர்ந்தது’ என்று அந்த சுவிட்ச் அத்தனை கணினிகளிலும் ஏறிவிடும். திருத்த வேண்டிய இடம் ஒரே ஒரு பிரிட்ஜ். ஒரு சோதனைக்காக ஒரே கணினியில் டெஃப்பைப் போட்டுப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அது வேலை செய்தால் நேராக பிரிட்ஜிடம் போய்விடுங்கள்.

என்டியில் டிசிபி/ஐபியின் ஏஆர்பி (வன்பொருள் முகவரியைத் தேடும்) ஒளிபரப்பு இயல்பாகவே எல்லா வழிகளிலும் போகும். ரெஜிஸ்ட்ரியில் ஆர்ப்-டிஆர்-சிங்கிள்-ரவுட் மதிப்பை 1 ஆக்கினால் அது ஒற்றை வழிக்கு மாறும்.

உள்ளே நுழைய முடிகிறது, கோப்பு மட்டும் நகலாகவில்லை

லாகின் நடக்கிறது, கோப்புப் பட்டியல் வருகிறது, பெரிய கோப்பை நகலெடுத்தால் மட்டும் தொங்கிவிடுகிறது. இது ஃப்ரேம் அளவுச் சிக்கல். ரிஃபின் கட்டுப்பாட்டுப் பகுதியில், இந்த வழியில் போகக்கூடிய பெரிய ஃப்ரேமின் அளவுக்கு 3 பிட் ஒதுக்கியிருக்கிறார்கள்: 516, 1500, 2052, 4472, 8144, 11407, 17800 என்று படிகள். எக்ஸ்ப்ளோரர் போகும் வழியில் குறைந்த திறனுள்ள பிரிட்ஜ் அதைக் குறைத்து எழுதும். 16 மெகாபிட் வளையத்தில் இருக்கிற சர்வரைப் பெரிய ஃப்ரேமுக்கு அமைத்துவிட்டு, நடுவில் ஒரு 4 மெகாபிட் வளையமோ சின்ன நினைவகம் கொண்ட பிரிட்ஜோ இருப்பதை மறந்தால் இப்படித்தான் ஆகும். வழியிலேயே மிகச் சிறிய அளவு எதுவோ அதற்கு இரு பக்கமும் இறங்கி வர வேண்டும். நெட்வேர் சர்வரில் பாக்கெட் அளவின் உச்சவரம்பை ஸ்டார்ட்அப்.என்சிஎஃப் கோப்பில் மட்டுமே மாற்ற முடியும், சர்வரை மறுபடி தொடங்கவும் வேண்டும்.

பழைய வழி, இரட்டை முகவரி

ஒரு பிரிட்ஜைக் கழற்றி வேறொன்றை மாட்டிய பிறகு சில கணினிகள் மட்டும் அடம்பிடித்தால், அவை பழைய வழியையே அட்டவணையில் வைத்துக்கொண்டிருக்கும். ரவுட் கட்டளையின் கிளியர் மொத்த அட்டவணையையும் துடைக்கும். ரிமூவ் ஒரு முகவரியை மட்டும் நீக்கும்.

கையால் வைக்கும் முகவரிகளில், அதாவது 4000 என்று தொடங்குபவற்றில், இரட்டிப்பு வந்தால் அதே வளையத்தில் கார்டு நுழையும்போதே பிடிபட்டுவிடும். வேறு வேறு வளையங்களில் இருந்தால் அந்தச் சோதனைக்குத் தெரியாது. இரண்டு பேரும் எக்ஸ்ப்ளோரருக்குப் பதில் சொல்வார்கள், முதலில் வந்த பதில் ஜெயிக்கும். ஐபிஎம்மின் எஸ்என்ஏ நெட்வொர்க்குகளில் மாற்று கேட்வேக்காக இதை வேண்டுமென்றே செய்வதுண்டு என்பதால், இரட்டிப்பைக் கண்டதும் அழித்துவிடாமல் யாராவது தெரிந்தே வைத்ததா என்று விசாரியுங்கள். 4-16 மெகாபிட் வேகக் குழப்பம் சோர்ஸ் ரவுட்டிங் விவகாரமே அல்ல. தவறான வேகத்தில் ஒரு கார்டு நுழைந்தால் மொத்த வளையமும் நிலைகுலைந்துவிடும்.

டிரைவரில் கைவைக்கும் முன் ஒரு ரிஃபைப் படித்துப் பார்த்துவிடுவது என் வழக்கம். 0630 0051 0060 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 06 என்றால் ரிஃபின் நீளம் 6 பைட். அடுத்த 3, பெரிய ஃப்ரேம் 4472 பைட் என்கிறது. அந்த இலக்கம் 8 அல்லது அதற்கு மேல் என்றால் வழியைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும். 0051 என்றால் வளையம் 5, பிரிட்ஜ் 1. 0060 என்றால் வளையம் 6, அத்துடன் பயணம் முடிந்ததால் பிரிட்ஜ் எண் 0. இந்த எண்களை ஒவ்வொரு பிரிட்ஜின் அமைப்போடும் வரிசையாக ஒப்பிட்டுக்கொண்டே போங்கள். ஒத்துப்போகாத முதல் இடத்தில்தான் வேலை இருக்கிறது. ரிஃபே இல்லையென்றால் ரவுட்டை ஏற்றும் வரிசைக்குத் திரும்புங்கள்.