முட்டி வலிக்கு முன்னால் கணுக்காலைப் பாருங்கள்: கபடி ஆட்டக்காரர்களுக்கு ஒரு செய்முறை

முட்டி வலிக்கிறது என்று வரும் பையன்களிடம் நான் முதலில் பார்ப்பது கணுக்காலைத்தான். ரெய்டுக்குப் போகிறவர் தாழ்ந்து நிற்க வேண்டும். பாதம் தரையில் பதிந்திருக்க, முட்டி கால்விரலைத் தாண்டி முன்னே வர வேண்டும். கணுக்கால் அந்த அளவுக்கு மடங்காவிட்டால் உடம்பு சும்மா இருக்காது, குறுக்கு வழி தேடும். குதிகால் எழும்பும், இல்லையென்றால் பாதம் உள்பக்கம் சரிந்து முட்டியையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். திரும்பும்போதும் குதித்து இறங்கும்போதும் முட்டி அப்படி உள்ளே மடிவது, முட்டிக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற ஜவ்வு கிழிய ஒரு முக்கியக் காரணம்.

என் கதையும் அதுதான். 19 வயதில் வலது கால் பிசகியது. எண்ணெய் போட்டு நீவிவிட்டு, கிரேப் பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு அடுத்த வாரமே ஆடப் போனேன். வீக்கம் வற்றிவிட்டது, மடக்கம் மட்டும் திரும்பி வரவில்லை. அது எனக்குத் தெரியவே இரண்டு வருஷம் ஆனது.

1. அளந்து பாருங்கள்

ஒரு சுவரும் அளவு டேப்பும் போதும். (பள்ளிக்கூட ஸ்கேல் என்றால் நுனிக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள்.) வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நின்று, பெருவிரல் நுனியைச் சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி வையுங்கள். குதிகாலைத் தூக்காமல் முட்டியை முன்னே கொண்டுபோய்ச் சுவரைத் தொடுங்கள். தொட்டுவிட்டதா? ஒரு செ.மீ. பின்னால் போங்கள். இப்படியே, கடைசியாகத் தொட முடிந்த தூரம்தான் உங்கள் அளவு.

இதில் எல்லோரும் ஏமாற்றுவார்கள், தெரியாமலேதான். அதற்கு ஒரு வழி உண்டு. குதிகாலுக்கு அடியில் ஒரு துண்டுத் தாளை வைத்து, முட்டி சுவரைத் தொடும் நேரத்தில் நண்பரை இழுக்கச் சொல்லுங்கள். தாள் உருவிக்கொண்டு வந்தால் குதிகால் எழும்பிவிட்டது, அந்த அளவு செல்லாது. முட்டி இரண்டாவது விரலுக்கு நேராகப் போகிறதா என்பதையும் அவரே பார்க்கட்டும்.

10 செ.மீ. பக்கம் வந்தால் பெரும்பாலோருக்குப் போதும். எண்ணைவிட இரண்டு காலுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். 2 செ.மீ.க்கு மேல் போனால் குறைந்த காலுக்கு வேலை இருக்கிறது.

2. எங்கே பிடிக்கிறது?

பின்னால் கெண்டைக்காலில் இழுத்தால் தசை இறுக்கம், கீழே சொல்வது சரிப்படும். முன்பக்கம் மூட்டுக்குள் நெருக்குவது போலவோ குத்துவது போலவோ இருந்தால் தசையை எவ்வளவு இழுத்தாலும் பலன் இருக்காது. பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டிவிடுங்கள்.

3. இளக்குங்கள்

அளக்கச் செய்த அதே அசைவுதான் பயிற்சியும். சுவரைத் தொட்டுத் தொட்டு மெதுவாக 15 தடவை, இரண்டு சுற்று. ஆட்டத்துக்கு முன்னால் இது போதும். ஒரே நிலையில் ஒரு நிமிஷத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால் அந்த நேரத்துக்குத் தசையின் வேகம் கொஞ்சம் குறையும், ரெய்டுக்குப் போகும் முன் அது வேண்டாம். நீண்ட இழுப்பைப் பயிற்சி முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் கையூன்றி ஒரு காலைப் பின்னே வைத்து, அதன் குதிகாலைத் தூக்காமல் முட்டியை நீட்டி 30 வினாடி, மடக்கி 30 வினாடி. மடக்கிச் செய்வதை விட்டுவிடாதீர்கள். கெண்டைக்காலின் அடித்தசைக்கு அதுதான் எட்டும், தாழ்ந்து நிற்கும்போது தடுப்பதும் பெரும்பாலும் அந்தத் தசைதான்.

4. பலம் ஏற்றுங்கள்

பலர் மூன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். வளைகிற மூட்டைத் தாங்கிப் பிடிக்கத் தசை இல்லாவிட்டால் வளைந்தும் பயனில்லை. எதிரணி கணுக்காலைப் பிடித்து இழுக்கும்போது இது நன்றாகத் தெரியும்.

படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து நில்லுங்கள். இரண்டு காலாலும் எழும்பி, ஒரு காலை எடுத்துவிட்டு, ஒற்றைக் காலால் மூன்று எண்ணும்வரை மெதுவாக இறங்குங்கள். குதிகால் படிக்குக் கீழே போகட்டும். 10 தடவை, மூன்று சுற்று. மறுநாள் கெண்டைக்கால் கனக்கும், பயப்பட வேண்டாம். எடை தாங்கியபடி தசை நீளும் இந்த இறக்கம் பலத்தோடு மடக்கத்தையும் கூட்டும்.

5. ஒற்றைக்கால்

ஒரு தடவை பிசகிய கால் மறுபடியும் பிசகும் என்பது ஆடுகிற எல்லோருக்கும் தெரியும். பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் ஜவ்வோடு சேர்ந்து அடிபடுவது அதற்கு ஒரு காரணம். பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் 30 வினாடி நில்லுங்கள். பழகியதும் கண்ணை மூடிக்கொண்டு. சரி, கையெட்டும் தூரத்தில் சுவர் இருக்கட்டும்.

6. இறங்கிப் பழகுங்கள்

ஒரு படி உயரத்திலிருந்து இரண்டு காலில் குதித்து இறங்குவதை முன்னால் இருந்து மொபைலில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். முட்டிகள் ஒன்றை ஒன்று பார்த்து உள்ளே வந்தால் உயரத்தைக் கூட்டாதீர்கள். ‘தொம்’ என்ற சத்தம் வராமல் இறங்க முயன்றாலே பாதி சரியாகிவிடும். கால்பந்துக்காக ஃபிஃபா 2006-ல் உருவாக்கிய 11+ வார்ம் அப்பிலும் ஒற்றைக்கால் நிலையும் குதித்து இறங்குவதும் இருக்கின்றன. நம் ஆட்டத்துக்கும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

வாரத்துக்கு நான்கு நாள், பதினைந்து நிமிஷம் செய்யுங்கள். ஆறு வாரம் கழித்து அதே சுவரில் அளந்து பாருங்கள். என் வலது கால் 6-ல் ஆரம்பித்து இப்போது 9-ல் நிற்கிறது. இடது 10½. இந்த வித்தியாசத்தோடுதான் ஆடுகிறேன், முட்டி வலி இல்லை.

புதிதாகப் பிசகிய காலோடு இதைத் தொடங்காதீர்கள், எண்ணெய் போட்டு நீவவும் வேண்டாம். நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்காலின் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பின் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தினால் வலித்தாலோ முதலில் எக்ஸ்ரே எடுங்கள்.