வட்டாரக் குடிநீர்த் திட்டம்: தேவையைக் கணித்துக் கட்டமைப்பை வகுக்கும் முறை

முதலில் திட்டக் காலத்தை, அதாவது எத்தனை ஆண்டுத் தேவைக்கு ஏற்ப ஒவ்வோர் உறுப்பையும் வடிவமைப்பது என்பதை, முடிவு செய்யுங்கள். நிலத்தடியில் புதையும் பெருங்குழாய்களுக்கு 30 ஆண்டுகளும், தேய்மானம் மிகுந்த பம்புகளுக்கு ஏறத்தாழ 15 ஆண்டுகளும் கொள்வது வழக்கம். மக்கள்தொகை ஆண்டுக்கு 2 விழுக்காடு வளர்ந்தால், 30 ஆண்டுகளில் அது ஏறத்தாழ 1.8 மடங்காகிவிடும்.

ஒரு லட்சம் பேருக்குத் தலைக்கு நாளொன்றுக்கு 150 லிட்டர் என்றால் தேவை 1.5 கோடி லிட்டர். உற்பத்தியில் 20 விழுக்காடு கசிந்து வீணாகுமெனில், தேவையுடன் 20 விழுக்காட்டைக் கூட்டி 1.8 கோடி என்று எழுதிவிடுவது பலரும் செய்யும் பிழை; உற்பத்தியில் 0.8 பங்கே மக்களைச் சென்றடைவதால், தேவையை 0.8 ஆல் வகுத்து 1.875 கோடி லிட்டர் எனக் கொள்வதே சரி. புதிய நீராதாரத்தைத் தேடுமுன் இந்தக் கசிவைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுவே மலிவான வழி.

தொழிற்சாலைகளின் தேவையை மக்கள்தொகையிலிருந்து கணிக்க இயலாது. ஒவ்வோர் ஆலையிடமும் அளவையும் தரத்தையும் தனித்தனியே கேட்டறிந்து, குளிரூட்டலுக்குச் சுத்திகரித்த கழிவுநீரே போதுமா என ஆராய வேண்டும்.

நீராதாரத்தைச் சராசரி மழை ஆண்டை வைத்து மதிப்பிடாதீர்கள். தொடர்ந்து வறட்சி நிலவிய ஆண்டுகளில் அது எவ்வளவு தந்தது என்பதே கணக்கு.

குழாயின் விட்டத்தில் சிக்கனம் வேண்டாம். அதே அழுத்தச் சரிவில் (குழாயின் நீளத்தில் அழுத்தம் குறையும் வீதம்) விட்டத்தை இரட்டிப்பாக்கினால் நீரோட்டம் ஏறத்தாழ ஆறு மடங்காகும். ஆனால் பள்ளம் தோண்டும் செலவு அந்த அளவுக்கு உயராது. சுத்திகரிப்பு நிலையத்தையோ, இடம் ஒதுக்கி வைத்துப் பகுதி பகுதியாக விரிவாக்கலாம்.