வேனில் நடந்தாலும் அது பணியிடம்தான்

கோவையிலிருந்து வாளையார் தாண்டி, பாலக்காடு மாவட்டத்தின் கஞ்சிக்கோட்டுக்குக் கம்பெனி வேனில் போய்வரும் ஒப்பந்தப் பெண் தொழிலாளி ஒருவரின் பாலியல் தொல்லைப் புகாரைத் திருப்பிவிட்டார்கள். "வெளியே நடந்தது, நீ எங்கள் ஆளும் இல்லை" என்றார்கள். இரண்டுமே செல்லாது. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி நிறுவனம் ஏற்பாடு செய்த வண்டியும் பணியிடம். கான்ட்ராக்டர் வழியாக வந்தவரும் ஊழியர்.

புகாரிலும் ஓட்டை இருந்தது. "அடிக்கடி தொந்தரவு செய்கிறார்" என்ற ஒரே வரி, அதுவும் சூப்பர்வைசர் பெயருக்கு. இத்தகைய புகாரை நிறுவனத்துக்குள் விசாரிக்கும் உள்ளகப் புகார் குழுவுக்கு என்று மாற்றி, ஒவ்வொரு சம்பவத்துக்கும் தேதி, ஷிப்ட், எந்த இருக்கை, பக்கத்தில் யார் என எழுதவைத்தேன். தொல்லை கொடுத்தவன் மலையாளத்தில் சொன்னதை மொழிபெயர்க்காமல் அப்படியே எழுதினோம்; மொழிபெயர்த்தால் வசவும் நாகரிகமாகிவிடும். வாட்ஸ்அப் செய்திகளை போன் எண்ணும் நேரமும் தெரியும்படி அச்செடுத்தோம். போனில் இருப்பதை அழிக்கவே கூடாது.

ஆறு பிரதிகள், சாட்சிகளின் பெயர், முகவரி. நம் பிரதியில் தேதியுடன் கையெழுத்து வாங்காமல் நகராதீர்கள். கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தக்க காரணமிருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம்.

பலர் கோட்டைவிடுவது இடைக்கால நிவாரணத்தை. இடமாற்றமோ 3 மாதம் வரை விடுப்போ எழுத்தில் கேட்டால்தான் குழு பரிந்துரைக்கும். விசாரணைக்கு 90 நாள். அதுவரை அதே வேனில் அவனோடு போகச் சொல்வது கொடுமை.

10 பேருக்குக் குறைவான பட்டறையென்றால் மாவட்ட உள்ளூர் குழுவுக்குப் போகலாம். வீடு கோவையானாலும் வேலை நடக்கும் பாலக்காடுதான் கணக்கு.