முடிவைப் பிடித்து, காரணத்தை விடுவது: தத்துவம் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரம்பூரில் ஆலைத் தொழிலாளர்கள் ஆன்மிகச் சொற்பொழிவு கேட்கக் கூடிய ஒரு சபையில் கிளம்பிய பேச்சுதான் 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கமாக வளர்ந்தது. 'இது ஏன் இப்படி?' என்று ஒரு இடத்தில் கேட்கப் பழகியவர்கள், கூலி விஷயத்திலும் அதையே கேட்பார்கள். தத்துவம் படிப்பதால் அன்றாடத்துக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு இதைவிட அருகில் வேறு உதாரணம் தேட வேண்டாம்.

இன்றைக்கும் வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் படிப்பகத்து மேசையைச் சுற்றித் தத்துவ நூல்களோடு இளைஞர்கள் உட்காருகிறார்கள். பலர் மூன்றாவது வாரத்தோடு நின்றுவிடுகிறார்கள். புத்தகம் கடினம் என்பது காரணமில்லை. முன்பு வந்தவர்கள் இடறிய அதே கல்லில்தான் இவர்களும் இடறுகிறார்கள். வேகமாகப் படிப்பது, அடிக்கோடு போட்டே பக்கத்தைக் கறுப்பாக்குவது போன்றவை தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடலாம்.

வரலாற்றின் முதல் பக்கத்திலிருந்து தொடங்குவது

தேல்ஸ், அனாக்சிமாண்டர் என்று ஆதி கிரேக்கச் சிந்தனையாளர்கள் வரிசையில் போனால் பிளேட்டோவைத் தொடுவதற்குள் ஆர்வம் வடிந்துவிடும். பெயரும் ஆண்டும் மனப்பாடமாகும், ஒரு கேள்விகூடக் கைக்கு வராது. ஒரு கேள்வியைப் பிடித்துத் தொடங்குங்கள். பிளேட்டோவின் 'யூதைஃப்ரோ' ஒரே மாலையில் வாசிக்கக்கூடிய உரையாடல். சொந்தத் தகப்பன்மேல் கொலை வழக்குத் தொடுக்க வந்தவனிடம் சாக்ரடீஸ் கேட்கிறார்: தெய்வங்களுக்குப் பிடித்திருப்பதால் ஒரு செயல் புனிதமாகிறதா, அது புனிதம் என்பதால் தெய்வங்களுக்குப் பிடிக்கிறதா? 'தெய்வங்கள்' என்ற இடத்தில் 'பெரியவங்க' என்று போட்டுப் பாருங்கள். பெரியவங்க சொன்னதால் சரியா, சரி என்பதால் சொன்னார்களா? கேள்வி நம் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிடும்.

ஆளுக்கொரு மொழிபெயர்ப்பு வைத்திருந்தால் பக்க எண் பொருந்தாது. ஓரத்தில் அச்சாகியிருக்கும் சிறிய எண்ணைச் சொல்லுங்கள். அது 1578-ல் வந்த பதிப்பின் பக்க எண், எந்த மொழிபெயர்ப்பிலும் மாறாது. மேலே சொன்ன கேள்வி இருப்பது 10-ஏ.

முடிவை மட்டும் உருவிக்கொண்டு போவது

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் தீராத தவறு இது. இதற்குக் கொடுக்கும் விலையும் பெரியது. முடிவைக் காரணங்கள்தான் தாங்கி நிற்கின்றன. அவற்றை உதறிவிட்டு முடிவை மட்டும் எடுத்தால், அது அவரவர் வசதிக்கு எந்தப் பக்கமும் வளையும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. வலையும் படகும் கறுத்துப்போயின. பாதிப்புக் கணக்கை எழுதிக் கொடுக்க எல்லோரும் அலைந்துகொண்டிருந்தபோது, பழைய ரோமப் பேரரசின் ஸ்டோயிக் தத்துவ ஆசிரியர் எபிக்டெட்டஸைப் படிக்கத் தொடங்கியிருந்த ஒரு தம்பி தன் சித்தப்பாவிடம், "இது நம்ம கையில இல்லாத விஷயம் சித்தப்பா. அதுக்குப் போய் ஏன் மனசக் கெடுத்துக்கிறீங்க?" என்றான். போனில் வந்த ஒற்றை வரிதான் அவன் படித்திருந்தது. படித்த பிள்ளை சொல்கிறானே என்று அவரும் இருந்துவிட்டார். அவர் வலைக்கான கணக்கு எழுதப்படாமலே போனது.

எபிக்டெட்டஸ் சொன்னது என்ன? 'கையேடு' என்ற நூலின் முதல் பத்தியிலேயே இரண்டு பட்டியல் இருக்கிறது. நம் வசம் உள்ளவை: கருத்து, முனைப்பு, விருப்பு, வெறுப்பு. நம் வசம் இல்லாதவை: உடல், உடைமை, பேர், பதவி. மனுவுக்கு என்ன பதில் வரும் என்பது நம் வசம் இல்லை, சரி. மனு எழுத முனைவது? அது முதல் பட்டியலில் இருக்கிறது. அதே நூலின் 30-வது பத்தியில், நம் கடமைகளை உறவுகளே அளந்து தருகின்றன என்கிறார். தகப்பன் என்றால் அவரைக் கவனித்துக்கொள் என்று சொல்கிறார். அவருடைய உரைகளின் இரண்டாம் நூல், ஐந்தாம் உரையில் பந்து விளையாடுபவர்கள் வருகிறார்கள். பந்து நல்லதா கெட்டதா என்று அவர்கள் யாரும் யோசிப்பதில்லை. எறிவதிலும் பிடிப்பதிலும்தான் கவனம். வியாசர்பாடியில் கால்பந்து ஆடும் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை. கோல் விழுவது கீப்பரையும் பொறுத்தது என்பதற்காக யாரும் ஓடாமல் நிற்பதில்லை. அடிமையாகப் பிறந்து, பின்னாளில் ஆசிரியராக உயர்ந்த ஒருவரின் பேச்சைச் சும்மா இருப்பதற்குச் சாக்காக்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

இதைத் தடுக்கும் கருவி தமிழிலேயே இருக்கிறது. மணிமேகலையின் 29-வது காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் ஒரு வாதத்துக்கு ஐந்து உறுப்பு சொல்கிறார். இம்மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டியது. புகை இருப்பதால் என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களை போல என்பது திட்டாந்தம். இம்மலையும் புகையுடையது என்பது உபநயம். ஆகவே நெருப்பு உண்டு என்பது நிகமனம். அதோடு விடாமல், ஏது எங்கெல்லாம் போலியாகும் என்றும் அடுக்குகிறார். அதில் ஒன்று, ஆவியா பனியா என்ற ஐயம் தீராமலே 'இது புகைதான், நெருப்பு உண்டு' என்று துணிவது.

அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்களைப் பாருங்கள். அகன்ற வாயிலிருந்து எழும் வெள்ளைத் திரள் நீராவி. பக்கத்தில் ஒல்லியாக உயர்ந்து நிற்கும் புகைபோக்கியில் வருவதுதான் புகை. கோபுரத்தைப் படம் எடுத்து 'பாருங்கள் புகையை' என்று புகார் கொடுத்தால், அது ஆவி என்று ஒரே வரியில் பதில் வரும். புகைபோக்கியைப் பற்றிய நியாயமான புகாரும் அதோடு சேர்ந்து அடிபடும்.

நோட்டில் செய்ய வேண்டியது இதுதான். நூலில் ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். நோட்டுப் பக்கத்தின் அடியில் முடிவை உங்கள் சொல்லில் எழுதுங்கள். மேலே காரணங்களை எண் போட்டு எழுதுங்கள். நாலைந்து காரணம் வந்தால் பெரும்பாலும் இரண்டு வாதங்கள் கலந்திருக்கும், பிரித்து எழுதுங்கள். பிறகு காரணங்களுக்கும் முடிவுக்கும் நடுவில் ஒரு வரியை வெற்றாக விடுங்கள். நூலாசிரியர் சொல்லாமல் விட்டது எதுவோ, அது அங்கே வர வேண்டும்.

வீட்டுப் பேச்சிலும் இதைச் செய்யலாம். "நைட் ஷிஃப்ட்டுக்குப் பொண்ணு போக வேணாம்" என்பது முடிவு. "பஸ் ஸ்டாப்புலருந்து வீடு வரைக்கும் ஒரே இருட்டு" என்பது காரணம். வெற்று வரியில் என்ன வரும்? 'தெரு இருட்டாக இருந்தால், நிறுத்த வேண்டியது பெண்ணின் வேலையை.' இதை எழுத்தில் பார்த்ததும் அதைச் சொன்ன அப்பாவுக்கே தயக்கம் வரும். தெருவிளக்குக்கு மாநகராட்சியில் புகார், கம்பெனி வண்டி வாசல்வரை வருமா என்று பேச்சு வேறு பக்கம் திரும்பும். 'இருக்கிறது' என்ற வாக்கியங்களிலிருந்து 'வேண்டும்' என்ற வாக்கியத்துக்கு எழுத்தாளர்கள் சொல்லாமலே தாவிவிடுகிறார்கள் என்று ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 1740-ல் எழுதினார். அந்தத் தாவல் ஒளிந்திருக்கும் இடம் இந்த வெற்று வரி.

எதிர்வாதத்தை எழுதாமல் நோட்டை மூடாதீர்கள். அதுவும் எதிராளியே 'ஆமாம், நான் சொல்வது இதுதான்' என்று ஒப்புக்கொள்ளும் வலுவோடு எழுத வேண்டும். சிவஞானசித்தியார் என்ற சைவ சித்தாந்த நூல் அப்படித்தான் போகிறது: பிறர் கொள்கைகளைப் பரபக்கத்தில் எடுத்துவைத்து மறுத்த பிறகே, தன் கொள்கையைச் சுபக்கத்தில் சொல்கிறது.

காண்ட்டை முதல் புத்தகமாக எடுப்பது

வேண்டாம். ஜெர்மன் தத்துவவாதி காண்ட்டின் 'தூய அறிவின் விமர்சனம்' என்ற, 1781-ல் வந்த பெரிய நூல், காரண-காரியத் தொடர்பு பற்றி ஹியூம் எழுப்பிய சிக்கலுக்கு விடை தேடுகிறது. ஹியூமைப் படித்துவிட்டு வாருங்கள்.

ஒரே சொல், இரண்டு பொருள்

'எல்லாம் மாயைதாண்ணா' என்று ஒருவர் சொல்ல, அரைமணி நேரம் சத்தம் போகும். முதலில் எந்த மாயை என்று கேளுங்கள். அத்வைதத்தில் மாயை உள்ளது என்றும் சொல்ல முடியாது, இல்லாதது என்றும் சொல்ல முடியாது. கயிற்றில் தெரியும் பாம்பு அதற்கு உவமை. சைவ சித்தாந்தத்தில் மாயை உள்பொருள், என்றும் இருப்பது, உலகம் தோன்றுவதற்கு முதற்காரணம். முதலாமவர் உலகம் தோற்றம் என்கிறார், இரண்டாமவர் உலகம் உண்மை என்கிறார். சொல் ஒன்றுதான், பொருள் நேர் எதிர். விடுதலை, இயற்கை, அறம் எல்லாவற்றுக்கும் இதே சோதனை தேவை. சொல்லைப் பயன்படுத்தியவரே ஒரு வரியில் விளக்கம் தரட்டும், பிறகு பேசலாம்.

போலிகளின் பெயர்ப்பட்டியல்

தவறான வாதங்களுக்குப் போலி என்று பெயர். அவற்றின் பெயரை மனப்பாடம் செய்து எதிராளிமேல் எறியாதீர்கள். எந்த வரியில் காரணம் உடைகிறது என்று விரல் வைத்துக் காட்டுங்கள்.

தனியாகவே படிப்பது

தனியாகப் படிப்பவருக்குத் தன் வெற்று வரி கண்ணில் படாது. அவருக்கு அது அவ்வளவு பழகிப்போனது. நாலு பேர் போதும், ஆறுக்கு மேல் வேண்டாம். ஆறைத் தாண்டினால் இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மூன்று பக்கம். ஒருவர் உரக்க வாசிக்கட்டும், ஒருவர் நோட்டில் எழுதட்டும், ஒருவர் அன்றைக்கு எதிர்ப்பக்கம் மட்டும் பேசட்டும், சொந்தக் கருத்து எதுவாக இருந்தாலும். அடுத்த வாரம் அந்த வேலை வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு. நோட்டு ஒன்றே ஒன்று, படிப்பகத்து அலமாரியிலேயே இருக்கட்டும். வேலை முடிந்து தாமதமாக வருகிறவர் அதைப் பிரித்து, போன வாரம் நிரப்பாமல் விட்ட வரியிலிருந்து தொடங்கலாம்.