டீப் சீ இறால் வளர்ச்சி, சாவு கணக்கு: எங்கெல்லாம் சொதப்புது

கொல்லம் சக்திகுளங்கரை, நம்ம தூத்துக்குடி, இந்த மாதிரி ஹார்பர்ல 200 மீட்டருக்குக் கீழ வலை இழுத்துட்டு வர்ற போட்டுல ஹெட்டரோகார்ப்பஸ், பிளெசியோனிகா, ‘ரெட் ரிங்’னு சொல்ற அரிஸ்டியஸ் ஆல்காக்கின்னு டீப் சீ இறால் வகை எல்லாம் வரும். இதுகள வெச்சு புராஜெக்ட் பண்றவங்க வேலை ஏறக்குறைய ஒண்ணுதான், மாசாமாசம் நீளம் அளந்து எக்ஸெல்ல போட்டு ஃபிசாட், ஆர் மாதிரி சாஃப்ட்வேர்ல குடுத்தா எல் இன்ஃபினிட்டி (எட்டக்கூடிய உச்ச நீளம்), கே (அத எட்டுற வேகம்), இசட் (மொத்த சாவு), எம் (இயற்கை சாவு), எஃப் (பிடிக்கிறதால வர்ற சாவு) எல்லாம் வரிசையா வந்துடும். குப்பைய குடுத்தாலும் மூணு டெசிமல்ல பதில் துப்பும், அதான் பிரச்னையே.

மொதல்ல அளக்குறது. மூக்கு முள்ளோட சேத்து மொத்த நீளம் எடுக்குறாங்க, ஆனா ஆழத்துலேர்ந்து இழுத்துட்டு வர்றப்பவே பாதி இறாலுக்கு முள்ளு ஒடஞ்சிருக்கும். அரிஸ்டியஸ்ல இன்னும் மோசம், ஆண் வயசுக்கு வந்ததும் முள்ளு குட்டையாயிடும், பொண்ணுக்கு நீளமா இருக்கும், அப்ப நீங்க அளக்குறது ஒடம்பையா முள்ளையா? கண்குழியிலேர்ந்து தலை ஓட்டோட பின்விளிம்பு நடு வரைக்கும் அளந்துட்டு, தேவைன்னா அப்புறம் மொத்த நீளத்துக்கு மாத்திக்குங்க. ஏலத்துக்குன்னு கிரேடு பிரிச்சு வெச்ச குவியல்லேர்ந்து சாம்பிள் எடுக்காதீங்க, அது வியாபாரி செலக்ட் பண்ணது.

வளர்ச்சி கோடு வழவழன்னு ஏறுற மாதிரி படத்துல இருக்கும், நெசத்துல இறால் ஓடு கழட்டுற அன்னிக்கு மட்டும்தான் நீளும், படிப்படியா. ஓட்ட கழட்டிப் போட்டுடறதால மீனுக்கு காதுக்கல்லுல வளையம் எண்ற மாதிரி வயசு பாக்க வழியில்ல. கண்காம்புல வரி இருக்கு, அத எண்ணலாம்னு 2012ல பாண்டலஸ் பொரியாலிஸ்ங்கற குளிர்க்கடல் இறால் மாதிரி சில இனத்துல காட்டினாங்க, அதுல இன்னும் சண்டை ஓயல. அதனால நீளக் குவியல்தான் (எந்த சைஸ்ல இறால் கூட்டமா சேந்து நிக்குதுங்கறது) கதி, அதுலயும் தடைக்காலம் வேற. தூத்துக்குடி பக்கம் ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், கேரளால ஜூன் 9லேர்ந்து ஜூலை 31 வரைக்கும் 52 நாள் டேட்டாவே கிடையாது. தடைக்கு முன்னாடி இருந்த குவியலையும் பின்னாடி வந்த குவியலையும் கண்ண மூடிட்டு ஒரே பேட்ச்னு கோடு போட்டு சேத்தா கே எங்கயோ போயிடும், நடுவுல புது குஞ்சு பேட்ச் உள்ள வந்திருக்கலாம்ல. மெடிட்டரேனியன்ல அரிஸ்டியஸ் ஆன்டெனாட்டஸுக்கு இதே மாதிரி டேட்டாவ வெச்சே ஒரு குரூப் வேகமா வளந்து சீக்கிரம் சாகுதுங்குது, இன்னொரு குரூப் மெதுவா வளந்து ரொம்ப வருஷம் வாழுதுங்குது.

இப்ப சாவு கணக்குக்கு வருவோம், பெரிய பள்ளம் இங்கதான். கேட்ச் கர்வ் என்ன பண்ணுதுன்னா, பெரிய சைஸ்ல எண்ணிக்கை குறையுற வேகத்த பாத்து இவ்ளோ செத்துச்சுன்னு சொல்லுது. பத்தாங்கிளாஸ்ல பசங்க கம்மியா இருந்தா மிச்ச பேரு செத்துட்டாங்கன்னா சொல்லுவோம், வேற ஸ்கூலுக்குப் போயிருக்கலாம்ல? டீப் சீ இறால்ல சைஸுக்கும், ஆணா பெண்ணாங்கறதுக்கும் தகுந்த மாதிரி ஆழம் மாறும், ஆன்டெனாட்டஸ்ல ஆணும் குட்டியும் 1000 மீட்டருக்குக் கீழதான் நெறைய, போட் அங்க போறதே இல்ல. நம்ம ஊர்லயும் போட் போற ஆழத்த தாண்டி என்ன இருக்குன்னு பாக்காம இசட் போட்டா, வலைக்கு வெளிய இருக்குறது எல்லாம் செத்த கணக்குல சேந்துடும். சின்ன சைஸ் பக்கமும் அதே கதைதான், வலையோட மடி கண்ணு (கடைசிப் பை ஓட்டை) வழியா தப்பிச்சது அது, கோடு போடறப்ப அந்த புள்ளிகள விட்டுடணும்.

ஆண் பெண் விஷயமும் இதுலதான் வருது. அரிஸ்டியஸ்ல பொண்ணு ரொம்ப பெருசு, அதனால தனித்தனியா கணக்கு போடணும், சரி. அதே ஃபார்முலாவ வட அட்லாண்டிக் பாண்டலஸ் பொரியாலிஸுக்கு போட்டீங்கன்னா காலி, ஏன்னா அது ஆணா ஆரம்பிச்சு சில வருஷம் கழிச்சு பொண்ணா மாறுது, ஒரு சைஸுக்கு மேல ஆணே இல்லையேன்னு இசட் போட்டா பால் மாறினத சாவுன்னு எழுதறீங்க.

அப்புறம் இயற்கை சாவு, எம். டேனியல் பாலிங்கற மீன்வள விஞ்ஞானி 1980ல 175 மீன் ஸ்டாக்க (தனித்தனி மீன் கூட்டம்) வெச்சு போட்ட சமன்பாட்டத்தான் எல்லாரும் எடுக்குறாங்க, அது மீனுக்குங்கறது ஒரு பக்கம் இருக்கட்டும், டெம்பரேச்சர்னு கேக்குற எடத்துல 28 டிகிரின்னு கடல் மேல்மட்ட சூட்ட போடறாங்க பாருங்க, அது அநியாயம். இறால் இருக்குற ஆழத்துல 12 டிகிரி சுமாருக்குத்தான் இருக்கும். இந்த ஒரு தப்புலயே எம் கிட்டத்தட்ட 48 சதவீதம் ஏறிடும். உதாரணத்துக்கு இசட் 2.4, சரியான எம் 1.0ன்னா, எஃப் 1.4, எக்ஸ்ப்ளாய்டேஷன் ரேட் (எஃப்ப இசட்டால வகுத்தது) 0.58, பாதிக்கு மேல, அதிகமா பிடிக்கிறோம்னு அர்த்தம். எம்ம 1.48ன்னு போட்டா ரேட் 0.38, இன்னும் நாலு போட் விடலாம்னு ரிப்போர்ட் எழுதிடுவீங்க. அதே சமன்பாட்டுல எல் இன்ஃபினிட்டிய சென்டிமீட்டர்ல போடணும், மில்லிமீட்டர்ல போட்டா எம் ஏறக்குறைய பாதியாயிடும், ரெண்டு தப்பும் சேந்தா ஒண்ண ஒண்ணு அடிச்சு நம்பர் பாக்க நல்லாத்தான் இருக்கும்.

எம் மாறவே மாறாதுன்னு நெனைக்கிறதும் தப்பு. அமெரிக்காவோட மெய்ன் வளைகுடால பொரியாலிஸ் பிடிக்கிறத 2014லேர்ந்து நிறுத்திட்டாங்க, எஃப் கிட்டத்தட்ட ஜீரோ, ஆனாலும் ஸ்டாக் எழும்பல. தண்ணி சூடாச்சு, 2012 வெப்ப அலையப்ப கணவாய் கூட்டமா உள்ள வந்துச்சு, அது தின்ன கணக்கும் சேந்துதான் சரிவுன்னு ஆராய்ச்சி சொல்லுது. அதனால தீசிஸ் டேபிள்ல எம்முக்கு ஒரே நம்பர் எழுதாம, ரெண்டு மூணு முறைல போட்டு குறைஞ்சது இவ்ளோ கூடினது இவ்ளோன்னு குடுங்க, வைவால கேள்வி கேட்டா எந்த ஆழம், எந்த டெம்பரேச்சர், எந்த மடி கண்ணுன்னு பதில் கையில இருக்கணும்.